இரும்பின் வெற்றியைத் தாமே மறுத்த எங்கள் ஹைட்ரஜன் அறைத் தலைவிக்கு

ஒடுக்க வினையில் வல்லவரே, ஒருவரையும் ஒடுக்கியறியாதவரே! சிலிண்டரின் சீற்றத்தையும் இயக்குநரின் சீற்றத்தையும் ஒரே புன்னகையால் அடக்கியவரே! பணிநிறைவு காணும் எங்கள் பெருமைக்குரிய அம்மா, வணக்கம்!

மருந்து மூலக்கூறில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைக் கழற்றி, அவ்விடத்தில் ஹைட்ரஜனைக் குடியேற்றும் ஒடுக்க வினையே நம் அறையின் தொழில். அதைத் தூண்டிவிடும் வினையூக்கி பல்லேடியம் என்னும் உலோகம். விலையில் தங்கத்தோடு போட்டியிடும். எதில் ஒட்டினாலும் லேசில் விடாது. மருந்தில் துளி தங்கினாலும் ஆகாது. அந்த வேலையை எளிய இரும்பைக் கொண்டு முடிப்பதே தங்கள் வாழ்நாள் கனவு. அதனால் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சூட்டிய பட்டப்பெயரைத் தாங்களே எடுத்து, “இரும்பம்மா பேசுறேன்” என்று தொலைபேசியில் சொன்ன அன்று எங்களுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

ஒருநாள் கனவு பலித்தது என்றே எண்ணினோம். இரும்பைச் சேர்த்ததும் மூலக்கூறின் மஞ்சள் கரைசல் நிறமிழந்து தெளிந்தது. வினை முடிந்ததற்கு அதுவே அடையாளம். இயக்குநர் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். மருந்து ஆலைக்காரர்கள் வந்து அமர்ந்தனர். தங்கள் கணவர் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று காலை தாங்கள் மட்டும், பொட்டலம் பிரிக்காத புதுக் காந்தக் கலக்கியைப் போட்டு மறுபடி செய்து பார்த்தீர்கள். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. அதுவரை கரைசலைச் சுழற்றிவந்த பழைய கலக்கியின் கீறல்களில், முந்தைய சோதனைகளின் பல்லேடியம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்திருக்கிறது. வேலை செய்தது அது. பேர் வாங்கியது இரும்பு.

வாயு அண்ணன் என்று நாம் அழைக்கும் சிலிண்டர்க்காரர் கெஞ்சினார்: “விழா முடியட்டும்மா, அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்.”

தாங்களோ மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னீர்கள்: “இது இரும்பு செஞ்ச வேலை இல்லைங்க. கலக்கியில ஒட்டியிருந்த பல்லேடியம் செஞ்சது. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.”

தங்கள் கணவர் ஒருவர்தான் எழுந்து கைதட்டினார்.

அதன்பின் கேலி பேசாத ஆளில்லை. காதில் போட்டுக்கொள்ளாமல், இரும்புக்குப் பொருந்தும் துணை மூலக்கூறைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலுக்காமல் உழைத்தீர்கள். அடுத்தமுறை பாத்திரம், கலக்கி, மூடி எல்லாமே புதிது. மஞ்சள் தெளிந்தது! துள்ளிக் குதித்த எங்களைத் தாங்கள் விடவில்லை.

“என் கையில நடந்தா போதாது. நான் இல்லாத இடத்துல நடக்கட்டும், அப்புறம் குதிக்கலாம்.”

ஆலைக்காரர்கள் தம் கூடத்தில், தம் பாத்திரத்தில் செய்து பார்த்தனர். முதல் முறையே தெளிந்தது. செய்தி வந்ததும், யாருக்கும் அசையாத இரும்பம்மா வாயு அண்ணனின் தோளில் சாய்ந்து அழுததை நாங்கள் பார்த்தோம். இன்று அந்த மருந்தை இரும்பைக் கொண்டே செய்கிறார்கள் என்று சொல்லும்போது எங்களுக்குத் தலைகால் புரிவதில்லை.

தாங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ்க! கணவரும் மகளும் பேத்தியும் சூழ மகிழ்ந்து வாழ்க! பேத்திக்குப் பால் கலக்கும்போது மட்டும் புதுக் கரண்டி கேட்டு மகளைப் படுத்தாதிருக்க வேண்டுகிறோம்.

இதுவரை சொல்லாத ஒன்று. மகளின் பிரசவத்துக்காகத் தாங்கள் விடுப்பில் இருந்தபோது, அதுவரை எவரும் தொடாத ஒரு மூலக்கூறை நாங்களே எடுத்து, இரும்பைக் கொண்டு செய்து பார்த்தோம். தங்களைக் கேட்கலாமா என்று கை தொலைபேசிக்குப் போய்ப் போய்த் திரும்பியது. கேட்கவில்லை. மஞ்சள் தெளிந்தது, அம்மா. தாங்கள் இல்லாத இடத்திலும் நடந்துவிட்டது.

என்றென்றும் தங்கள்
ஹைட்ரஜன் அறை ஊழியர்கள்