வழவழ மாவு

என் மனைவி பஞ்சாலை வைக்கும் நெத்திலிச் சம்பலைச் சாப்பிட்டவர்கள் இன்னொரு கை சோறு கேட்காமல் எழுந்ததில்லை. மிஸ் குமுதினி, என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், எழுதுகிறேன். அந்தச் சம்பலுக்கு ஆசைப்பட்டுத்தான் நான் இதைச் செய்தேன் என்று என் மகள் ரோகினி நினைக்கிறாள். அது தவறு. சம்பல் எனக்கே நன்றாக வைக்க வரும்.

பஞ்சாலையின் புருஷன் என்பதைத் தவிர என்னைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியாது. பெயர் நல்லசாமி. பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில் பால்வெட்டு ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்த பிறகு, பழ லாரிகளை எடை போடுகிற இடத்தில் வேலை. அன்று ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தவர்களைப் பிடித்தேன், இன்று உதிரிப் பழத்தோடு மணலைச் சேர்ப்பவர்களைப் பிடிக்கிறேன். மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் அவசரக்காரர்கள். முதல் நாளே அரை வாளி கலப்பார்கள்.

பஞ்சாலைக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. எண்பத்தாறு கிலோ எழுபத்தெட்டாக வேண்டும், சர்க்கரையும் இறங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆப்பரேஷன் என்று பெரிய டாக்டர் சொன்னார். சாப்பாட்டை ஒழுங்குபடுத்த உங்களிடம் அனுப்பினார். நீங்கள் இசப்கோல் உமியில் செய்த அந்த ஆரஞ்சு ருசி ஃபைபர் பவுடரைக் குடிக்கச் சொன்னீர்கள். கரைத்தவுடன் குடித்துவிட வேண்டும், விட்டால் பசைபோல இறுகிவிடும், வயிற்றுக்குள் ஊதிப் பசியை அடக்கும், சர்க்கரை சட்டென்று ஏறாமல் பார்த்துக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினீர்கள்.

"மந்திரம்லாம் இல்ல அங்கிள். விடாம குடிச்சா கைகொடுக்கும்" என்றீர்கள். பஞ்சாலை அதற்கு வழவழ மாவு என்று பெயர் வைத்தாள்.

அவளால் அடிக்கடி எழுந்து நடக்க முடியாது. அதனால் வேளைக்கு வேளை நானே கரைத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு வள்ளிநாயகி தன் புருஷன் காதில் விழும்படி, "அண்ணன் மாதிரி ஆளு கெடைக்க கொடுத்து வைக்கணும் லா" என்று சத்தமாகச் சொல்வாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கியது. கைத்தடி இல்லாமல் கோயில்வரை போய் வந்தாள். அன்று திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் அதைச் சொன்னாள்.

"ஏங்க, முட்டிய மாத்திட்டா நான் ரோகினி வீட்டுலயே போய் இருந்துக்கலாம்னு பாக்குறேன். புள்ளய பாத்துக்க ஆளில்லாம அவ தவிக்கிறா. நாலு மாடிதானே, ஏறிட மாட்டேனா?"

"அப்ப நானு?"

"நீங்க லாரிய நிறுத்துக்கிட்டு இருங்க. ஞாயித்துக்கிழம வந்து பாருங்க லா" என்று சிரித்தாள்.

ரோகினி இருப்பது அம்பாங்கானில், லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியின் நாலாவது மாடியில். பேத்தி பிறந்து ஒன்றரை வருடமாகியும் பஞ்சாலை அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், அவள் ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முப்பத்தெட்டு வருடமாக நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் வாசலில் அவள் இருந்திருக்கிறாள். அவள் இல்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவதென்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. அதை அவளிடமே சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் சிரித்திருப்பாள்.

முதலில் நான் எதையும் கலக்கவில்லை. ஒரு கரண்டிக்கு முக்கால் கரண்டி போட்டேன், அவ்வளவுதான். மருந்தே ஆனாலும் அளவோடு இருப்பது நல்லதுதானே? அடுத்த மாதம் அரைக் கரண்டி ஆனது. தண்ணீர் நீர்த்துத் தெரிந்ததால், அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து வறுத்த அரிசி மாவைப் புட்டியில் சேர்த்தேன். அரிசி மாவு சேர்ந்ததும் ஆரஞ்சு ருசி குறைந்துவிட்டது. அவள் முகம் சுளித்துக் குடிப்பதைப் பார்க்க மனசு கேட்காமல், கடையில் விற்கும் ஆரஞ்சு பவுடரைக் கலந்தேன். அதில் முக்கால்வாசி சீனி என்பது உண்மைதான். சீனியைப் போட்டது அந்தக் கம்பெனிக்காரன்.

எடை திரும்ப ஏறத் தொடங்கியது. பஞ்சாலை முதலில் இரவுச் சோற்றை விட்டாள், பிறகு பகலிலும் பாதியாக்கினாள். எங்கள் தோட்டத்துத் தேவன் மகன் கல்யாணப் பந்தியில் பாயசத்தைப் பேத்திக்கு ஊட்டிவிட்டு, வெறும் ரசத்தைக் குடித்து எழுந்தாள். "என் ஒடம்பே எனக்கு எதிரியா போச்சுங்க" என்று ஒருநாள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. "கவலப்படாத புள்ள, நீ இப்படியே இருந்தாலும் எனக்கு போதும்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். அது பொய்யில்லை.

மிச்சம் உங்களுக்கே தெரியும். எண்பத்தெட்டு கிலோ, எட்டரையில் இருந்த மூன்று மாதச் சர்க்கரை பத்துக்கு மேல். ஆகஸ்டில் அவளுக்குக் கொடுத்திருந்த ஆப்பரேஷன் தேதி வேறு யாருக்கோ போய்விட்டது. "நான் திருடித் திங்கல மிஸ், சத்தியமா" என்று உங்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். வீட்டிலிருக்கும் புட்டியை எடுத்து வரச் சொன்னீர்கள். மறுநாள் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் கரைத்து வைத்தீர்கள். பத்து நிமிடம் ஆகியும் இறுகவில்லை. மாவு அடியில் தங்கி, மேலே ஆரஞ்சுத் தண்ணீர் நின்றது. நல்ல சோதனைதான் மிஸ், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பஞ்சாலை தம்ளரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தன மாசம்?"

"அஞ்சு" என்றேன். கேட்ட பிறகு மறைப்பது எனக்குப் பழக்கமில்லை.

காரில் திரும்பினோம். அம்பாங்கான் சந்திப்பு வந்ததும், "இங்க திருப்புங்க" என்றாள். அடுக்குமாடியின் கீழே இறங்கி முதல் படியில் உட்கார்ந்தாள். கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே பின்பக்கமாக அடுத்த படிக்கு ஏறினாள். ரோகினி ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் கை கொடுக்கப் போனேன். "தொடாதீங்க" என்றாள். எழுபத்திரண்டு படிக்கு ஐம்பது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் நான் கீழேயே நின்றேன்.

மூன்று வாரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன். ரோகினி இறங்கி வந்து, நான் கொண்டுபோகும் சேலையையும் மருந்தையும் வாங்கிக்கொண்டு ஏறிவிடுகிறாள், மேலே வாங்க என்று சொல்வதில்லை. பஞ்சாலை நாலாவது மாடியில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி காயப்போடுகிறாள். கீழே பார்ப்பதில்லை. கம்பித் தடுப்பு உயரம், நான் நிற்பது அங்கிருந்து தெரியாது என்று நினைக்கிறேன்.

நீங்கள் கொடுத்த புதுப் புட்டியில் அதற்குள் இரண்டு கிலோ குறைந்துவிட்டதாக ரோகினி சொன்னாள். சந்தோஷம். குற்றத்தை ஒப்புக்கொண்டேன், பஞ்சாலையின் மருந்தில் அரிசி மாவும் சீனியும் கலந்தது நான்தான், வேறு யாருக்கும் பங்கில்லை. பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெரிய டாக்டரிடம் சொல்லி ஆப்பரேஷன் தேதியைச் சீக்கிரம் வாங்கிக் கொடுங்கள். இந்த முட்டியை வைத்துக்கொண்டு அவளால் எழுபத்திரண்டு படி இறங்க முடியாது, அதனால்தான் இன்னும் வீட்டுக்கு வராமல் இருக்கிறாள்.