கப்பல் கிளம்புறதுக்குள்ள

இல்ல மேடம், கப்பல் உங்களை விட்டுட்டுப் போகாது. நான் இருக்கேன்ல. இந்த டொமினிக்காத் தீவுல இதே ரோட்டுல டாக்ஸி ஓட்டியே தலை நரைச்சவன். அஞ்சு மணிக்குள்ளதானே ஏறணும்? அதுக்கு முன்னாடியே ரோசோ துறைமுகத்துல நிப்போம். வாட்சை மட்டும் பாத்துக்கிட்டே இருக்காதீங்க, எனக்குப் படபடன்னு வருது.

என்ன கேட்டீங்க? ஆமாமா, அடுத்த வருஷம். மறுபடி கப்பல்லயே வர்றதா, இல்ல ஒவ்வொரு தீவுலயும் ரெண்டு மூணு நாள் தங்கித் தங்கிப் போறதா. காலைல இருந்து இதையேதான் கேக்குறீங்க. உங்க வீட்டுக்காரரு கப்பல்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாராக்கும். அவரு சொல்றதுலயும் தப்பில்ல மேடம். பெட்டியை ஒரு தடவை பிரிச்சாப் போதும். தூங்கி எந்திரிச்சா வேற தீவு. வேளாவேளைக்குச் சாப்பாடு. எங்க படகுல ஏறிப் பக்கத்துத் தீவு மார்த்தினிக் போய்ப் பாருங்க, கடல் கொஞ்சம் முரண்டு புடிச்சா குடல் வாய்க்கு வந்துரும்.

ஆனா கப்பல்ல வந்தா தீவைப் பாத்த மாதிரி ஆகுமா சொல்லுங்க. காலைல எறங்குறீங்க, அருவிகிட்ட ஒரு போட்டோ, சாயங்காலம் இப்படித் தலைதெறிக்க ஓட்டம். வாசல்லயே நின்னு, செருப்பக்கூடக் கழட்டாம, நல்லாருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போற மாதிரி.

எங்க மாமனாரு வீட்டையே எடுத்துக்குங்க. ஹெஸ்கெத்னு பேரு. இப்ப சூஃப்ரியே கிராமத்துல பையை எடுக்க நிறுத்தினேனே, அதே வீடுதான். மூணே ரூமு விடுதி. சீமைப்பலாவை விறகுல கருகக் கருகச் சுட்டு, கருவாட்டை வெங்காயம் போட்டு வதக்கி, அவரு கையாலயே வெப்பாரு. எதிர்க்க கடலுக்குள்ளயே வெந்நீர் ஊறும், அங்க கூட்டிட்டுப் போவாரு. ரெண்டு நாள்னு வந்தவங்க பெட்டியைக் கட்ட மனசில்லாம உக்காந்துருவாங்க. அப்படித்தான் இருந்துச்சு.

அங்க கட்டினாங்களே தார்ப்பாய், அதுவா? கல்யாணம் எல்லாம் இல்ல மேடம். ராத்திரி நாலு பேரு வருவாங்க. டோமினோக் கட்டை வெச்சு ஆடுவாங்க, பாடுவாங்க, விடிய விடிய இருப்பாங்க. எங்க பக்கம் அது வழக்கம்.

ஒரு நிமிஷம், போன் வருது. சொல்லுடா கர்ட்டிஸ். வேண்டாம், இப்ப வாசிக்காத. அஞ்சு மணி ஆகட்டும். நான் சொல்றதுக்கு முன்னாடி ரேடியோல வந்துச்சுன்னா, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன். பேரெல்லாம் சரிதான், மக பேரை மொதல்ல போடு. வெச்சுர்றேன்.

ஒண்ணுமில்ல மேடம், ஒரு அறிவிப்பு.

அட நகருய்யா. ரோட்டை அடைச்சு பஸ்ஸை நிறுத்திக்கிட்டு எவகிட்டயோ கதை பேசிட்டிருக்கான் பாருங்க. ஆமா, அது கப்பல் ஊதுறதுதான். இது சும்மா ஆளைக் கூப்பிடுறது, பயப்படாதீங்க. உங்களுக்குக் கோவம் வருது, தெரியுது. ஒரு பையை எடுக்க அவ்வளவு நேரமான்னு கேக்குறீங்க. பீரோ சாவி கெடைக்கல மேடம். எங்க வெச்சாருன்னு கேக்க ஆளு இல்ல.

இந்தா, துறைமுகம் வந்தாச்சு. கப்பல் நிக்குது பாத்தீங்களா. எறங்காதீங்க, ஒரு வார்த்தை.

நீங்க ஏழாவது மாடின்னீங்கல்ல? காலைல எறங்கின ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுத்தான் உங்களை ஏத்தினேன். உங்க ரூம்ல துண்டை மடிச்சு குரங்கு, அன்னம்னு கட்டில்ல வெக்குமே ஒரு பொண்ணு, உயரமா, சிரிச்சா முன்பல்லுக்கு நடுவுல சந்து தெரியும். ஆல்வினா. அவதான். என் பொண்டாட்டி.

சொந்த ஊருலதான் கப்பல் நிக்குது, இன்னிக்கு அவ கப்பல்லயே இருக்க வேண்டிய முறையாம், எறங்கக் கூடாதாம். வேலை நேரத்துல போனும் கையில இருக்காது. கப்பல் அந்த சூஃப்ரியே வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அவங்கப்பா மேசைத் துணியை எடுத்து ஆட்டுவாரு, அவ கம்பியைப் புடிச்சிக்கிட்டு நின்னு பாத்துட்டுப் போவா. இன்னிக்குக் காலைலயும் பாத்தா. துணி ஆடுச்சு. நான்தான் ஆட்டினேன். அவரு உள்ள கட்டில்ல கெடந்தாரு, கப்பல் தெரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போயிட்டாரு.

துறைமுக வாசல் காவல்காரன்கிட்ட சொல்லியிருந்தா சேதி போயிருக்கும். ஆனா யாரோ ஒரு அதிகாரி வந்து நின்னு சொல்லியோ, ரேடியோல சாவு அறிவிப்பா வந்தோ அவ கேக்கணுமா? அதோட நானும் ஒரு முடிவுக்கு வரல. பாதியில எறங்கினா மறுபடி அவளை வேலைக்குச் சேக்க மாட்டாங்க. புயல்ல போன கூரை இன்னும் பாதி தகரமாத்தான் நிக்குது. எறங்கலைன்னா, அப்பனைப் புதைச்ச மண்ணைத்தான் அடுத்த தடவை வந்து பாப்பா. என் மூஞ்சில முழிப்பாளா? நீங்க கப்பலா தீவான்னு கேக்கும்போதெல்லாம் எனக்கு அவ கேக்குற மாதிரியே இருந்துச்சு மேடம்.

இந்தப் பையை அவ கையில குடுத்துருங்க. சோதனைல கேட்டா துணின்னு சொல்லுங்க, துணிதான். சாவு வீட்டுக்கு அவ போடுற கறுப்பு உடுப்பு. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், பிரிச்சாத் தெரிஞ்சுக்குவா. பணமெல்லாம் வேண்டாம், போங்க. ஓடுங்க மேடம், அவ எறங்குறதுன்னாலும் நேரம் வேணும்ல. நான் வண்டியை அணைக்காம இங்கயே நிக்கிறேன்.