தொடையில ஒரு பிளாஸ்டர்

— இன்னிக்கு பாப்பாவுக்கு ஒம்பது மாச ஊசி. புத்தகத்துல தேதி போட்டிருக்கு. போனியா இல்லையா, அத மட்டும் சொல்லு விக்னேஸ்.

— உள்ள வாங்க முதல்ல. லோரிய விட்டு எறங்குன வேகத்துல தோட்டத்துக் கிராணி மாதிரி பொண்டாட்டியக் கேள்வி கேக்குறீங்க.

— வரல, இங்கயே நிக்கிறேன். போனியா?

— நான் ஏன் போவணும்? மூத்தவனுக்கு இதே ஊசியப் போட்டுத்தானே ரெண்டு காதும் போச்சு. சின்னவளுக்கும் போவணுமா?

— அது ஊசியால இல்லலா. மணல்வாரி அம்மை வந்துச்சு, அதுல போச்சு.

— ஊசி போட்டு பத்தாம் நாளு மணல்வாரி. ஊசியில இருந்த கிருமிதான் உள்ள போயி பொங்கிருச்சுன்னு நாலு வருஷமா இந்த லயத்துல எல்லார்கிட்டயும் சொல்றேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. ஒரு நாளாச்சும் இல்லன்னீங்களா? இன்னிக்கு மட்டும் எப்படி வாய் தொறந்துச்சு?

— கோலா தெர்லாவுல எங்க மொதலாளி தவுக்கேயோட பேரனுக்கு மணல்வாரி. கோஸு ஏத்தப் போனப்ப பாத்தேன். கண்ணு செவந்து, மொகமெல்லாம் தடிச்சு, நம்ம ஷர்வின் கெடந்த மாதிரியே கெடக்கான்.

— அங்கேருந்து நேரா வாறீங்களா?

— அதான் வாசல்லயே நிக்கிறேன். குளிக்காம பாப்பாவத் தொடமாட்டேன். இன்னும் நேரம் இருக்கு விக்னேஸ். அவளத் தூக்கிக்கிட்டு பக்கத்து வீட்டு நவமணி அக்கா காருல போயிட்டு வந்துரு.

— பொறுங்க. எனக்குக் கொஞ்சம் வெவரம் தெரியணும். ஷர்வின அன்னிக்கு கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனது நீங்கதானே?

— ஆமா. உனக்குக் கங்காணி லீவு குடுக்கல. நீ மலையில தேயிலக் கொழுந்து வெட்டிட்டு இருந்த.

— எந்தத் தொடையில போட்டாங்க?

— நாலு வருஷத்துக்கு முந்தி நடந்தத இப்பப் போயி கேட்டா?

— எனக்கு ஞாபகம் இருக்கே. எடது தொடை. சாயங்காலம் குளிப்பாட்டும்போது பிளாஸ்டர நான்தான் உரிச்சேன். ஊசி போடும்போது அழுதானா?

— அழுதான். எல்லாப் புள்ளையும்தான் அழும்.

— அவன் புத்தகம் என்னாச்சு?

— லோரியில எங்கயோ வுழுந்துருச்சு. அன்னிக்கே சொன்னேன்ல.

— சொன்னீங்க. யாரு போட்டது?

— கிளினிக் நர்சு, மிஸ்ஸி.

— மிஸ்ஸிக்குப் பேரு இல்லையா?

— ஹஸ்லினான்னு நெனைக்கிறேன்.

— நெனைக்கிறீங்களா, தெரியுமா?

— ஹஸ்லினாதான்லா. சூடாலா, போதும் விக்னேஸ். போலீஸ்காரன் மாதிரி நோண்டாத.

— சரி. பேரு கெடச்சிருச்சு. அந்த ஹஸ்லினா மேல கம்ப்ளேன் எழுதப் போறேன். நவமணி அக்கா மலாய்ல எழுதித் தரேன்னாங்க. ஊசி போட்டப்ப கூட இருந்தவர்னு நீங்க கையெழுத்துப் போடுங்க.

— எதுக்கு அந்தம்மா மேல? அவங்க என்ன பண்ணாங்க?

— என் புள்ளைக்கு ஊசி போட்டாங்க.

— அவங்க மேல தப்பு இல்ல.

— இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நல்ல மனுஷிலா. நோன்பு வச்சுக்கிட்டு அத்தனை புள்ளைங்களையும் பொறுமையா பாப்பாங்க.

— நல்லவங்களுக்குக் கை தவறாதா? மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்? ஒரு கையெழுத்துதானே கேக்குறேன்.

— எழுதாத. அவங்க வேலைக்கே கேடு வந்துரும்.

— எம்புள்ளைக்குக் காது போச்சுங்க. நேத்து கொழுந்து லோரி ரிவர்ஸ்ல வருது, ஹார்ன் அடிக்கிறான், அவன் பாட்டுக்கு லோரிக்குப் பின்னால ஒக்காந்து மண்ணுல வெளையாடுறான். வெட்டுக்கத்திய வீசிட்டு ஓடிப் போயி தூக்குனேன். இதுக்கு யாராச்சும் ஒரு ஆளு பதில் சொல்ல வேணாமா?

— நான் சொல்றேன்.

— சொல்லுங்க பாப்போம்.

— அன்னிக்கு நம்பர் எடுத்துட்டு ஒக்காந்திருந்தேன். முன்னால ஒரே கூட்டம். தவுக்கே போன் மேல போன். திரிங்காப்புல தக்காளி ஏத்தி ரெடியா நிக்குது, இப்ப வரலன்னா லோரிய வேற ஆளு எடுப்பான்னாரு. வேலைக்குச் சேந்து ஒரு மாசம்கூட ஆகல. அடுத்த வாரம் போட்டுக்கலாம்னு புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன்.

— ஊசி?

— போடல.

— பிளாஸ்டர்?

— லோரியில இருந்துச்சு. கையில வெட்டுப்பட்டா ஒட்டுறதுக்கு வச்சிருந்தேன். நீ கேப்பன்னு நான்தான் ஒட்டுனேன். புத்தகத்தையும் ஒளிச்சு வச்சேன்.

— அழுதான்னீங்க.

— அழல. கையில ஒரு தக்காளியக் குடுத்தேன். வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டு வந்தான்.

— பத்தாம் நாளே மணல்வாரி வந்துருச்சு. நான் ஆத்தா எறங்கியிருக்கான்னு மஞ்சத்தண்ணி வச்சேன். இந்தக் குளிருக்கு வேப்பமரம் இல்லன்னு நீங்க கீழ தாப்பா டவுன் வரைக்கும் மோட்டார் சைக்கிள்ல எறங்கிப் போயி ஒடிச்சுக்கிட்டு வந்தீங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதானா?

— அந்த எலையக் கட்டிக்கிட்டு மலையேறுனப்ப வழியெல்லாம் அழுதேன் விக்னேஸ். சொல்லிரலாம்னுதான் வந்தேன். நீ ஊசியத் திட்டிக்கிட்டு இருந்த. என்னை யாரும் திட்டல. அப்படியே இருந்துட்டேன். நீ என்னை என்ன வேணா பண்ணு. அவனுக்குப் பண்ணத பாப்பாவுக்கும் பண்ணிராத. அவளத் தூக்கு, கெளம்பு.

— காலையிலயே கெளம்பிட்டேன்.

— எங்க?

— கிளினிக்குக்கு. ஊசி வேணாம்னு எழுதிக் குடுக்கத்தான் போனேன். ஹஸ்லினா மிஸ்ஸி ஏம்மான்னு கேட்டாங்க. ஷர்வின் கதையச் சொன்னேன். அவங்க எந்திரிச்சுப் போயி பழைய ரெஜிஸ்டர எடுத்துட்டு வந்தாங்க. அப்பா பேரு குகனேஸ்வரன், நம்பர் முப்பத்தொன்னு, கூப்ட்டப்ப ஆளு இல்லன்னு எழுதியிருக்கு.

— அப்ப, எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் இவ்வளவும் கேட்டியா?

— அவங்க மேல கம்ப்ளேன்னு சொன்னா அப்பவாச்சும் உங்க வாய் தொறக்குதான்னு பாத்தேன். தொறக்காம கையெழுத்துப் போட்டிருந்தீங்கன்னா, ரெண்டு புள்ளையையும் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். துணிகூட எடுத்து வச்சாச்சு.

— விக்னேஸ், பாப்பாவுக்கு?

— குளிச்சிட்டு வந்து தொடையப் பாருங்க. இது மிஸ்ஸி ஒட்டுன பிளாஸ்டர்.