ஈரலுக்குள் இரும்புத் தூள்

– வாட்ச், கம்மல், கொண்டை ஊசி எல்லாம் கழட்டியாச்சா அக்கா?

– நர்ஸ் எல்லாத்தையும் பிடுங்கிட்டா. இரும்புன்னு என் உடம்புல இனி எதுவும் இல்லடா தம்பி.

– இருக்கே! காலைல பெரிய டாக்டர் ரத்தக்குழாய் வழியா ஏத்தினாரே, இரும்புத் தூள். அது உன் ஈரல்ல இருக்கிற கட்டிக்குள்ள போய் ஜம்முனு உட்கார்ந்திருக்கு.

– அது என்ன பண்ணும்னு இன்னொரு தடவை சொல்லு. டாக்டர் சொன்னப்போ தலையை மட்டும் ஆட்டி வச்சேன்.

– உன்னைச் சுத்தி இருக்கிற வளையம் காந்தம். நான் ஸ்விட்சைப் போட்டா, நொடிக்கு லட்சம் தடவை திசை மாறும். அதுல தூள் சூடாகி, கட்டி மட்டும் வேகும். நல்ல ஈரலுக்கு ஒண்ணும் ஆகாது.

– மிஷினை ஓட்டறது நீதானா? பாலை அடுப்புல வச்சுட்டு வாசல்ல வேடிக்கை பார்க்கிற ஆளாச்சே மகராசா!

– போக்கா! இங்க ஒரு டிகிரி கூடினாலும் திரையில தெரிஞ்சிடும். டாக்டரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நிக்கிறார்.

– கத்தி வைக்க முடியாத இடம்னுட்டாங்க. இதுவும் சரிப்படலைன்னா?

– அந்தப் பேச்சே வேணாம். இதே மேசைல படுத்தவங்க எழுந்து நடந்து போனதை என் கண்ணால பார்த்திருக்கேன். உன் கட்டி எலுமிச்சம்பழம் அளவுகூட இல்ல. இன்னைக்கு என்கிட்ட வசமா மாட்டிக்கிச்சு.

– அடேயப்பா, கேட்கவே தெம்பா இருக்கு. ஆரம்பிக்கும்போது சொல்லு, பல்லைக் கடிச்சுக்கிறேன்.

– அதைத்தான் பண்ணக் கூடாது. மூச்சைப் பிடிச்சா ஈரல் நகரும். சும்மா ஏதாவது பேசிட்டே இரு. உன் பஸ் கதையைச் சொல்லு.

– போன மாசம் ஒருத்தர் ஏறினதும், "டிரைவர் எங்கம்மா?"னு என்கிட்டயே கேட்டார். "நானும் அவரைத்தாங்க தேடறேன்"னேன்.

– ம்... அப்புறம் சொல்லுங்க.

– அப்புறம் என்ன, போய் ஸ்டியரிங்கைப் பிடிச்சேன். மனுஷன் கம்பியைக் கட்டிப் பிடிச்சவர்தான், இறங்கற வரைக்கும் கண்ணே திறக்கல!

– நீங்க சிரிக்காதீங்க அக்கா, வயிறு குலுங்குது.

– சரி, சிரிக்கல. எனக்கு மலை ரூட் தர்றாங்களாம். எடுத்துக்கவா?

– எடுத்துக்குங்க.

– முதல் டிரிப்புக்கு நீ வருவியா?

– முன் சீட்டு எனக்குத்தான்.

– பஸ் கதை, உங்க மாமா குறட்டைக் கதை, பிள்ளைங்க கதை எல்லாம் தீர்ந்து போச்சு. தொண்டையும் வறண்டு போச்சு. எப்போடா ஆரம்பிக்கப் போறே?

– முடிஞ்சிடுச்சுக்கா! இப்பதான் நிறுத்தினேன். கட்டி பூரா நாங்க நினைச்ச சூடு ஏறி நின்னுச்சு. டாக்டர் அங்கிருந்து கட்டை விரலைக் காட்டறார் பாரு. உன்கிட்ட சொல்லாமலே ஆரம்பிச்சுட்டேன், கோவிச்சுக்காதே.

– வேலைல இறங்கிட்டா நீ யாரையும் மரியாதையா "ங்க" போட்டுத்தான் பேசுவே. எப்போ என்னை "சொல்லுங்க"ன்னியோ, அப்பவே தெரியும்டா. உன் கை நடுங்கிடக் கூடாதேன்னுதான் நானும் வாய் ஓயாம பேசிட்டிருந்தேன்.