நான் வீட்டில் இருக்கும்போது மட்டும்

என் மனைவிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது தவறு. அதை முதலில் திருத்திவிடுங்கள். வீட்டிலிருந்தபடியே பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுத்தவள் அவள். ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் கண்ணில் பட்டுவிடும்.

லேப்டாப் நான் வாங்கிக் கொடுத்தது. அதிலிருந்த லினக்ஸையும் நானே அமைத்தேன். ஒயர்லெஸ் கார்டுகளுக்கு டிரைவர் எழுதுவதுதான் பதினாறு வருஷமாக என் பிழைப்பு. கார்டு வெறும் தகடு. டிரைவர் என்கிற சின்ன நிரல், லினக்ஸின் மூளையான கெர்னலுக்குள் ஏறினால்தான் அதற்கு உயிர். ஏறாவிட்டால் பக்கத்திலேயே வைஃபை இருந்தாலும் அதற்குக் காது கேட்காது.

அவளுக்கு ஒரு தங்கை, வேறு ஊரில். தினமும் மத்தியானம் வீடியோவில் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். கதவைத் திறக்கும் முன்பே சிரிப்புச் சத்தம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் கேட்டிராத சிரிப்பு. அப்புறம் தங்கையின் குரல்.

"துணிமணிகூட எடுக்க வேணாம்க்கா. நீ கெளம்பி வா, போதும். மத்ததை இங்க பாத்துக்கலாம்."

நான் கோபப்படுகிறவன் இல்லை. உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டேன்.

அந்த வாரமே கெர்னலைத் திரும்ப அமைத்தேன். சின்ன மாற்றம்தான். என் போன் பக்கத்தில் இருந்தால் டிரைவர் ஏறும். நான் வெளியே போனால் இறங்கிவிடும்.

பத்து நாள் கழித்து அவளே சொன்னாள்: "நீங்க இருந்தா மட்டும் ஒழுங்கா வேலை செய்யுதுங்க. உங்களைக் கண்டா அதுக்கும் பயம் போல."

நான் சிரித்தேன். 'அதுக்கும்' என்று சொன்னதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

"கார்டு பழசாயிடுச்சு. பாக்குறேன்" என்றேன். ஏழு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். தங்கையோடு அதன்பின் மாலையில்தான் பேச முடிந்தது, நான் அதே அறையில் இருக்கும்போது. உடம்பு எப்படி, மழை உண்டா என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு அதுவும் குறைந்தது.

அவளுடைய போனைப் பற்றிக் கேட்டீர்கள். ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லியிருந்தேன். என் ஆபீஸ் டிராயரில் இருந்தது. கதவை வெளியில் பூட்டிக்கொண்டு போனதும் உண்மைதான். அந்தத் தெரு அவ்வளவு சரியில்லை. வீடு நாலாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிரே மொட்டைச் சுவர். எனக்கு எல்லாம் பாதுகாப்பாகவே பட்டது.

அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. இன்ஹேலர் தீரப்போகிறது என்று திங்கட்கிழமை சொன்னாள். மறந்துவிட்டேன். செவ்வாயும் சொன்னாள்.

வியாழக்கிழமை மாலை ஆறேகாலுக்கு நான் வந்தபோது மேஜைமேல் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து டீ போட்டு எடுத்துவந்தேன். அதற்குள் லேப்டாப் என் போனைக் கண்டுகொண்டு டிரைவரை ஏற்றிவிட்டிருந்தது. மத்தியானம் அவள் எழுதி, போகாமல் கிடந்த செய்திகள் ஒவ்வொன்றாகத் தங்கைக்குப் போய்க்கொண்டிருந்தன. மூச்சு விட முடியலடி. யாரையாவது அனுப்பு. கதவு பூட்டியிருக்கு. அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது: "அக்கா? இப்ப எப்படி இருக்கு? பேசுக்கா." டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்று படித்தேன்.

நீங்கள் லேப்டாப்பை எடுத்துப் போவதற்கு முன்னால் அதிலிருந்த பதிவுகளைப் பார்த்தேன். பதினொன்று பத்திலிருந்து ஒன்று நாற்பதுவரை நாற்பத்தொரு முயற்சி. முதலில் வைஃபையை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறாள். பிறகு மெஷினையே. அதன்பின் டிரைவரின் சரியான பெயரைச் சொல்லி, அதை ஏற்றும் கட்டளையை எழுத்துப் பிழையில்லாமல் அடித்திருக்கிறாள். எப்போது கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தினமும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

கட்டளை என் பாஸ்வேர்டைக் கேட்டது. அவள் எதை அடித்தாலும் பதிவாகும்படி முன்பே செய்திருந்தேன், அதனால் சொல்கிறேன். என் பிறந்தநாளை அடித்தாள். எங்கள் கல்யாணத் தேதி. என் அம்மாவின் பெயர். கடைசியில் வந்தவை வார்த்தைகளே இல்லை.

உங்கள் ஆள் டைப் அடிப்பதைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னால் நல்லது. அந்தச் சத்தம் கேட்டால் நாற்பத்தொன்றுவரை எண்ணிவிடுகிறேன். முடிந்ததும் முதலிலிருந்து.

ஆமாம், அடைத்துவைத்தது நான்தான். அவள் செத்தது என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். பாஸ்வேர்டு நான் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயர். எங்கள் இரண்டு பேரைத் தவிர அது யாருக்கும் தெரியாது. அத்தனை முறையில் ஒருதடவைகூட அவளுக்கு அது தோன்றவில்லை. எங்களில் யாருக்கு யார்மேல் அன்பில்லை என்று இப்போதாவது உங்களுக்குப் புரிந்திருக்கும்.