கெட்டிமேளத்தில் விழுந்த ஒப்பாரி

சாம்பாரையும் ரசத்தையும் ஒன்றாக ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறவன் நான், ஐயா. விழுப்புரத்தில் இதற்காகவே பந்தியில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. என் தொழிலும் அதே பிசைதல்தான். மைக்செட் வாடகைக்கு விடுகிறேன். சும்மா இருக்கும் பொழுதில் கம்ப்யூட்டரில் இரண்டு பாட்டுகளை ஒன்றாக்குவேன். மேஷ்-அப் என்கிறார்கள். சங்கீதம் படித்தவர்கள் ஒட்டுப்போட்ட வேலை என்கிறார்கள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும், ஜென்மத்தில் சந்திக்காத இரண்டு பாட்டுகளில் ஒன்று மூச்சு வாங்கும் இடம் பார்த்து மற்றது நுழைந்தால், இரண்டுமே அதுவரை சொல்லாததைச் சொல்லும். அந்த மூச்சைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர் கலை இல்லையென்றால், வேறு பெயர் நீங்களே வையுங்கள்.

திண்டிவனத்துக் கல்யாணம் ஒன்றில் கெட்டிமேளம் கேட்டபோது தோன்றியது, இதற்குச் சரியான ஜோடி ஒப்பாரிதான் என்று.

பக்கத்துக் கிராமம் கெடாரில் கெங்கம்மாள் இருக்கிறாள், சாவு வீடுகளுக்குப் போய் ஒப்பாரி பாடுகிறவள். பதிவு செய்து பார்த்தேன். நன்றாகத்தான் அழுதாள், ஆனால் அடுத்தவர் வீட்டு அழுகை. மேளத்தோடு சேர்த்ததும் காணாமல் போய்விட்டது.

“ஒன் வூட்டு சாவுக்குப் பாடற மாதிரி பாடும்மா” என்றேன்.

“வாய கழுவுங்க பெரியவரே. எனக்கு இருக்கறது ஒத்த புள்ள. அவன்தான் எனக்குக் கொள்ளி வெக்கணும். அவனுக்கு நான் எதுக்குப் பாடறேன்?” என்று சிரித்தாள்.

குறை எங்கே என்று அவளே சொல்லிக்கொடுத்துவிட்டாள் பாருங்கள்.

மகன் பூவரசனுக்குத் திண்டிவனத்தில் பஞ்சர் கடையில் வேலை. ஒரு நாள் காலையில் சட்டைப்பையில் ரெக்கார்டரோடு அவள் வீட்டுக்குப் போய், பைபாஸில் அவனை லாரி அடித்துவிட்டது, ஆள் போய்விட்டான் என்று சொன்னேன். உயிரோடு இருப்பவனைச் செத்ததாகச் சொன்னால் ஆயுசு கூடும் என்பார்கள் நம் பக்கம். ஆக, அவனுக்கும் லாபம்.

என்ன பாட்டு, ஐயா. தொட்டில் கட்டிய நாளிலிருந்து எடுத்தாள்.

நடுவில் பக்கத்து வீட்டு வீரம்மாள், நிஜமா என்று கேட்க அவன் போனுக்கே அடித்துவிட்டாள். அவன் எடுத்தான். இவள் வாய் திறப்பதற்குள் தாயின் அழுகை அவன் காதில் விழுந்தது. “அம்மா ஏன் அழுவுது? தோ வர்றேன்” என்று வைத்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டான்.

“கெங்கா, புள்ள உயிரோடதான் இருக்கான்டி” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள் வீரம்மாள். அழுகிறவளுக்குத் தன் குரலைத் தவிர எது கேட்கும்? நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

“இரும்மா, இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கு” என்றேன் ஜன்னல் வழியாக.

பாடி முடித்ததும், வந்த தகவல் தப்பாம், பிள்ளை உயிரோடுதான் இருக்கிறான் என்று நல்ல செய்தியை நானே சொன்னேன். என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம்தான் மகனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. நான் சொன்ன அதே பைபாஸ், லாரிதான். என் செய்தி கொஞ்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிணம் வர மறுநாள் ஆனது. அதற்குள் கலவையை முடித்திருந்தேன். கெங்கம்மாள் வாயே திறக்கவில்லை. ஒப்பாரி இல்லாத சாவு என்று ஊரே சங்கடப்பட்டது. மைக்செட் என்னுடையது. அவனுக்காக அவள் பாடியதும் என்னிடமே இருந்தது. ஒரு உதவியாகத்தான் போட்டேன். ஒன்றிரண்டு பேர் காலால் தாளம்கூடப் போட்டார்கள்.

அப்போது ஸ்பீக்கரில் வீரம்மாள் குரல் வந்தது: “புள்ள உயிரோடதான் இருக்கான்டி.”

கெங்கம்மாள் எழுந்து போய் மகன் முகத்துத் துணியை விலக்கிப் பார்த்தாள். மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தக் குரலை வெட்டி எறிந்திருந்தால் நீ இங்கே உட்கார்ந்திருக்க மாட்டாயே என்கிறார் ஏட்டு. எனக்கும் தெரியும். ஆனால் கெட்டிமேளம் உச்சிக்கு ஏறும் அதே இடத்தில் வந்து விழுந்திருக்கிறது, ஐயா. வெட்ட மனசு வரவில்லை. நான் அவ்வளவு ஈரமில்லாதவன் அல்ல.