பலூன் துப்பாக்கி

கன்னியம்மாள்: அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்... டி.சி. மட்டும் குடுத்துடுங்க.

அருணாதேவி: பத்தாவது நடுவுல டி.சி. வாங்கினா உங்க மாறன் எங்க போய்ப் படிப்பான்?

கன்னியம்மாள்: எங்கண்ணன் இருக்காரு, செங்கத்துல...

அருணாதேவி: அவன் கிளாஸ் டீச்சர் நான். காரணம் சொல்லக் கூடாதா?

கன்னியம்மாள்: ஒடம்பு சரியில்லங்க.

அருணாதேவி: நேத்து நல்லாத்தானே வந்தான்?

கன்னியம்மாள்: டி.சி.ய குடுங்க டீச்சர், நான் கெளம்பறேன்.

அருணாதேவி: எதையோ மறைக்கறீங்க. உக்காருங்க மொதல்ல.

கன்னியம்மாள்: பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில கடை போடறோம்ல... பலூன் சுடற கடை.

அருணாதேவி: தெரியுமே. போன மாசம் எம் பொண்ணு பத்து குண்டு சுட்டா. ஒரு பலூன் கூட ஒடையல.

கன்னியம்மாள்: அந்தத் துப்பாக்கிதாங்க... நாலு நாளா கேட்டுனே இருந்தான். பக்கத்துல வச்சு சுட்டா கண்ணு போயிடுமாம்மானு. சும்மா கேக்கறான்னு நெனச்சேன்.

அருணாதேவி: ம்...

கன்னியம்மாள்: காலைல சோத்து டப்பா வைக்கப் போறேன், சைக்கிள் கேரியர்ல ஒரு கோணி. பிரிச்சா...

அருணாதேவி: இங்கயா எடுத்துனு வர இருந்தான்?

கன்னியம்மாள்: மெதுவா டீச்சர்... போலீஸு கீலீஸுன்னு...

அருணாதேவி: இப்ப எங்க அது?

கன்னியம்மாள்: பொட்டியில வச்சுப் பூட்டிட்டேன். சாவி எங்கிட்ட. அவன்கூட அவங்கப்பா ஒக்காந்துனு இருக்காரு. அடிக்கலங்க. ஏன்டான்னு ஒரு வார்த்ததான் கேட்டேன்... ஒடஞ்சு அழுதுட்டான்.

அருணாதேவி: என்ன சொன்னான்?

கன்னியம்மாள்: நாலு பசங்களாம். பாத்ரூம்ல புடிச்சு பேண்ட்ட அவுத்து வீடியோ எடுத்து... கிளாஸ் பூரா அனுப்பிட்டாங்களாம். தெனம் அதச் சொல்லியே சிரிக்கறாங்களாம்.

அருணாதேவி: அந்த நாலு பேரா...

கன்னியம்மாள்: டீச்சர்?

அருணாதேவி: டி.சி. வேணாம். வாங்க, எச்.எம். ரூமுக்குப் போலாம். அந்த நாலு பேர் வீட்டுக்கும் இப்பவே போன் பண்றேன்.

கன்னியம்மாள்: துப்பாக்கி விஷயம்...

அருணாதேவி: அத மறைக்க முடியாதுங்க. ஆனா அவனுக்கு நடந்ததையும் சேத்துச் சொல்லுவோம். நானே கூட நிக்கறேன். சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரேன், மாறன நான் பாக்கணும்.

கன்னியம்மாள்: அவன் மேல கோவம் இல்லியா உங்களுக்கு?

அருணாதேவி: இல்லைங்க.

கன்னியம்மாள்: பெத்தவ எனக்கே தெரியல டீச்சர். யார்கிட்டயாவது வாயத் தொறந்து சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதே...

அருணாதேவி: சொன்னான், கன்னியம்மா. ரெண்டு மாசம் முன்னாடி, இதே ரூம்ல, என்கிட்ட. பசங்கன்னா அப்படித்தான், போய்ப் படிக்கற வேலையப் பாருன்னு நான்தான் அனுப்பி வச்சேன்.